நாலு மில்லிமீட்டர் கதிர்

"இன்னொரு தடவை அளந்துடேம்மா!"

டாக்டர் கெஞ்சியதும் கதிர்வீச்சை அளக்கும் நிபுணர் வாய்விட்டுச் சிரித்தாள். பத்து வருடமாக "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவள் பிராணனை வாங்கிய மனுஷர். அரை மில்லிமீட்டர் பிசகுக்கும் மல்லுக்கட்டும் அவளுக்கு 'அரைமில்லி' என்று பட்டப்பெயர் வைத்ததே இவர்தான்.

"நீங்களா டாக்டர் பேசுறது? மழை கொட்டப் போகுது!"

"கிண்டல் பண்ணாத. மூளைக்குள்ள பருப்பு சைஸ்ல கட்டி. அதை ஒட்டியே காது நரம்பு. கதிரோட அகலம் நாலே மில்லிமீட்டர். கணக்கு பிசகினா அந்தக் காது அவ்வளவுதான்."

"நேத்து பிசகிடுச்சே! வழக்கமா வைக்கிற பெரிய கருவியை வச்சு அளந்துட்டாங்க. அது கதிரைவிட அகலம். கரண்டியால கடுகு அளந்த மாதிரி, உள்ளதைவிடக் குறைச்சலா காட்டிடுச்சு. அதை நம்பியிருந்தா மெஷின் கூடுதலா கொடுத்திருக்கும்."

"ஐயையோ!" டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அதான் கண்டுபிடிச்சாச்சே! இன்னைக்கு உங்க ஜூனியர்தானே சிகிச்சை கொடுக்கிறார்? அவரே இவ்வளவு பதறலை."

சிகிச்சை மேஜைமேல் உடம்புக்குப் பதிலாக வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குள், கதிரை அளக்கும் பொடி டயோடு ஒன்றை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக் கதிரின் நடுமையத்தைப் பிடித்தாள். மூன்று முறை அளந்தாள்.

"பேஷன்ட்டுக்குக் காலையிலேருந்து காப்பிகூட இறங்கலை" என்றார் டாக்டர்.

"ஒரு காது போனா வீட்டுக்காரம்மா திட்டுறது பாதிதான் கேக்கும், லாபம்னு சொல்லுங்க!"

டாக்டர் சிரிக்கவில்லை.

"சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்கும்மா. ரகசியம்னா ஓடி வந்து வலது காதுலதான் சொல்லும்."

 அவள் நாலாவது முறையும் அளந்தாள். அதே கதிர் பட்டுக் கறுத்த பிலிமில் விழுந்த அளவோடு ஒப்பிட்டாள்.

"ரெண்டும் அச்சா ஒத்துப்போகுது. அரை சதவீதம்கூட வித்தியாசமில்லை. போதுமா?"

"நிஜமாவா?"

"நான் என்னைக்குப் பொய் சொன்னேன் டாக்டர்? தைரியமா ஆரம்பிக்கலாம்."

தொட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மேஜையைத் துடைத்தாள். ஜூனியர் டாக்டரும் உள்ளே வந்து சேர்ந்தார்.

"பேஷன்ட் ரெடியா?" என்றார் அவர்.

டாக்டர் கோட்டையும் கடிகாரத்தையும் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, சமர்த்தாக மேஜையில் ஏறிப் படுத்துக்கொண்டார்.