மே மாத வாய்தா

மே மாதத்தில் கோர்ட் கிடையாது என்பது அருப்புக்கோட்டை டீக்கடைக்காரனுக்குக்கூடத் தெரியும். வக்கீல் குமாஸ்தா சண்முகவேலுக்கு அது மறந்துபோனதுதான் வேடிக்கை.

மாசி மாதம் கட்சிக்காரி வெள்ளைத்தாய் பணத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டாள். வாயில் வந்த தேதியைச் சொல்லி அனுப்பிவிட்டான். மே பதினாறு.

இன்றைக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் தற்செயலாகக் காலண்டரைப் பார்த்தான். பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

பூட்டிக் கிடக்கிற கோர்ட்டைப் பார்த்தால் அவள் சும்மா திரும்பிப் போவாளா? யாரிடமாவது விசாரிப்பாள். கேஸ் நம்பர் என்ன என்பார்கள். சொல்லுவாள். அத்தோடு இவன் பிழைப்பில் மண்தான்.

ஏனென்றால் அப்படி ஒரு வழக்கே கிடையாது.

ஐந்து வருடத்துக்கு முன்னால், புருஷன் செத்ததும் கொழுந்தன் வளைத்துக்கொண்ட ஐந்து குறுக்கம் கரிசல் நிலத்தைக் கேட்டு வழக்குப் போட வந்தவள் அவள். கோர்ட் ஸ்டாம்புக்கென்று கொடுத்த பணத்தில் சண்முகவேல் ஒரு பழைய சைக்கிள் வாங்கினான். அடுத்த மாதம் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தான்.

அவள் நம்பர் கேட்டபோது, சைக்கிளின் லைசென்ஸ் தகட்டில் இருந்ததைப் பார்த்துச் சொன்னான். முந்நூற்றுப் பதினேழு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஏதாவது ஒன்று. சம்மன் கொண்டுபோகிறவனுக்குப் பேட்டா. நகல் எடுக்கக் கூலி. மறுபடியும் ஸ்டாம்பு. வெள்ளைத்தாயின் ஆடுகள் போயின. காதில் கிடந்த பாம்படம் போயிற்று. போன வருடம் ஓட்டு வீட்டை விற்றுவிட்டு ஊர்க்கோடியில் கூரை போட்டுக்கொண்டாள்.

வாசலில் நின்று பேர் கூப்பிடுகிற டவாலி மூன்று தடவைதான் கூப்பிடுவான், அதற்குள் ஆஜராகாவிட்டால் வழக்கு போய்விடும் என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்தான். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் பொழுதுக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் இவன் வந்து, இன்றைக்கு எடுக்கவில்லை, தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்பான். தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவாள்.

கோர்ட் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. கதவில் பெரிய பூட்டு. அதைத் துணியால் சுற்றி அரக்கு வைத்திருந்தார்கள்.

வெள்ளைத்தாய் படியில் உட்கார்ந்து இடது கட்டைவிரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

எப்போதும் அவனைக் கண்டதும் அவள் கை முந்தி முடிச்சுக்குப் போகும். இன்று போகவில்லை.

"ஆத்தா, கோர்ட்டு லீவு. தேதி தப்பாப் போச்சு. வா, பஸ் ஏத்தி விடுறேன்."

"லீவா? கேஸ் எடுத்துட்டாகளே அய்யா. காலையிலயே என்னையக் கூப்பிட்டாக. மூணுக்குள்ள ஓடிட்டேன்."

வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது, பாவம் என்று நினைத்தான். அப்படி நினைத்ததும் அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. புத்தி பேதலித்தவள் பேச்சை யார் நம்புவார்கள்?

"சரி, உள்ள என்ன கேட்டாக?" என்றான் விளையாட்டாக.

"இதுவரைக்கும் என்ன கொடுத்தேன்னு கேட்டாக. எனக்கு ரூவாக் கணக்குத் தெரியுமா? பதினோரு ஆடு, ஒரு சோடி பாம்படம், ஒரு வீடுன்னு சொன்னேன். எழுதிக்கிட்டுக் கைநாட்டு வாங்குனாக."

கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். அதில் மை இருந்தது. சண்முகவேல் தொட்டுப் பார்த்தான். அவன் விரலிலும் ஒட்டிக்கொண்டது.

பூட்டைப் பார்த்தான். அரக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கட்டைப் பிரித்துக் காகிதம் புரட்டுவது கேட்டது. பதினெட்டு வருடமாக அவன் கேட்டுப் பழகிய சத்தம்தான். அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"எந்திரி ஆத்தா, போவோம்."

"இருங்கய்யா. என்னோடது முடிஞ்சுபோச்சு. இனி எதிராளியக் கூப்பிடணும்னாக."

"ஒன் கொழுந்தன் வந்திருக்கானா?"

"அவன் எதுக்கு இதுல?" என்றாள் வெள்ளைத்தாய். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

உள்ளேயிருந்து டவாலியின் குரல் நீட்டி முழக்கிக்கொண்டு வந்தது.

"நம்பர் முந்நூத்திப் பதினேழு! பிரதிவாதி, நரிக்குடி இருளப்பசாமி மகன் சண்முகவேல்!"

அருப்புக்கோட்டையில் எல்லோருக்கும் அவன் வெறும் குமாஸ்தாதான். அவன் ஊரோ அப்பன் பேரோ தெரிந்தவர்கள் அங்கே ஒருவர்கூட இல்லை.

சைக்கிள் பக்கம் திரும்பினான்.

இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள்.

வெள்ளைத்தாய் படியில் நகர்ந்து அவனுக்கு வழி விட்டாள்.

"போங்கய்யா," என்றாள், விவரம் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. "மூணுக்குள்ள போயிரணும்."