பாதி வாழைப்பழம்

இதய ஆபரேஷனுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கணவர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்திலிருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை. ரெண்டு வாய் ரொட்டியாவது சாப்பிடுங்க,” என்றாள் மனைவி, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டே.

“ரொட்டி தொண்டையில இறங்காதுடி.”

“அப்ப வாழைப்பழம். மெல்லக்கூட வேணாம், அதுவே வழுக்கிக்கிட்டுப் போயிடும்.”

அவள் உரித்துக் கொடுத்தாள். அவர் பாதியை விழுங்கியபோது, நர்ஸ் சக்கர நாற்காலியுடன் உள்ளே வந்தாள். பழத்தோலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“யாரு சாப்பிட்டது? வெறும் வயித்துல இருக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன்! மயக்க மருந்து குடுத்தா உயிருக்கே ஆபத்து.”

கணவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அவர்தான் சிஸ்டர். நான் தொடவே இல்லை.” மனைவி சால்வையைக் கழற்றினாள். உள்ளே ஆஸ்பத்திரியின் பச்சை அங்கி இருந்தது. அவளே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

“மீதியையும் முடிச்சிடுங்க,” என்றாள் கணவரிடம். பிறகு நர்ஸின் பக்கம் திரும்பினாள்.

“என் பிரசவத்தப்ப இவர் சாப்பிடாம இருந்து மயங்கி விழுந்து, பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தார். இந்தத் தடவை நான் கண் முழிக்கும்போது, இவராவது நின்னுட்டிருக்கணும்.”