ஒரு மூச்சுத் தாமதம்

புற்றுநோயால் குரலை இழந்தவர்களின் பழைய குரலைச் சேமித்து வைத்து, அவர்கள் வாயசைத்ததும் கழுத்துப்பட்டை வழியே அதே குரலில் பேசவைப்பது சபுராவின் தொழில். நாகப்பட்டினத்துப் புயலுக்குத் தப்பட்டும் என்று, குரல்களைத் துண்டு துண்டாகத் தெருவின் எல்லாக் கடைகளின் கணினிப் பெட்டிகளிலும் வைத்திருந்தாள். அந்தத் துண்டுகள் ஒன்றுசேர வேண்டியிருந்ததால் பேச்சு ஒரு மூச்சு தாமதமாகத்தான் வரும். வாடிக்கையாளர்கள் சலித்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் தன் கடையிலேயே ஒரு வேகப் பெட்டிக்கு மாற்ற அவள் முடிவெடுத்தாள். அது தெரிந்ததும் ஸ்டெல்லா, கழுத்துப்பட்டை போட்டிருந்த தன் கணவர் அருளப்பனை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“மாத்திராதீங்கக்கா! அந்த ஒரு மூச்சுலதான் இவரு பட்டையில இருக்குற பொத்தான அமுக்கி, சுள்ளுன்னு வர்ற வார்த்தைய அழிச்சிடுறாரு. கல்யாணமானதுலேருந்து இப்பத்தான் நிம்மதியா சாப்பிடுறேன். நீங்க நல்லா இருக்கணும்.”

அருளப்பன் ஆத்திரமாக வாயசைத்தார். உடனே பொத்தானை அமுக்கினார். மறுபடி வாயசைத்தார். ஒரு மூச்சு கழித்துக் குரல் வந்தது.

“அவ சொல்றது சரிதாங்க.”