பழுப்பு டயல்

பரிசு டப்பாவைத் திறந்ததும் லென்ஸ்காரர் திடுக்கிட்டார். உள்ளே ஒரு வாட்ச், கடைக் கண்ணாடிக்குள் இருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் பளபளவென்று இருந்தது.

"அறுபதாவது பிறந்தநாள் பரிசு. பிடிச்சிருக்கா?" என்றாள் மனைவி. முகமெல்லாம் சிரிப்பு.

"இது ஏது உனக்கு?"

"உங்க அலமாரியில இருந்ததுதாங்க. மேல் தட்டுல தனியா வெச்சிருந்தீங்களே, அந்தப் பழசு. தெருமுனைக் கடையில கொடுத்துப் புதுசாக்கிட்டேன்."

லென்ஸ்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கழுத்தில் எந்நேரமும் லென்ஸ் தொங்குவதால் கூட்டாளிகள் வைத்த பேர் அது. முள்ளின் நுனியைப் பார்த்தே இது எந்த வருஷத்து வாட்ச் என்று சொல்லிவிடும் ஆள்.

அவர் சேர்த்து வைத்த நாற்பது வாட்சுக்கும் ராஜா இந்த ஒன்றுதான். கறுப்பு டயல் வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பாக மாறியிருந்தது. அப்படிப் பழுத்தவை இன்றைக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதன் படத்தை வாட்ச் சேகரிப்போர் சங்கத்துப் புத்தகத்தின் அட்டையில் போடப் போகிறார்கள். படம் எடுக்கச் சங்கத் தலைவர் நாலு மணிக்கு வருகிறார். இப்போது மணி நாலாக ஐந்து நிமிஷம்.

"டயலை என்னடி பண்ணே?"

"மாத்தியாச்சு. கரிக்கட்டை மாதிரி கறுப்பா, புத்தம் புதுசு. முள்ளையும் மாத்தியாச்சு. கீறலையெல்லாம் மெஷின்ல தேய்ச்சுட்டார். ஒரு கோடு இருக்கா பாருங்க!"

"கீறல்தான்டி அதுக்கு அழகு! யாராவது அதைத் தேய்ப்பாங்களா? அந்தப் பழுப்புக்காக அவனவன் நாக்கைத் தொங்கப் போட்டுட்டு அலையறான்!"

"எனக்கென்னங்க தெரியும்? அழுக்கா இருந்தா கழுவறேன், மங்கிப் போனா தேய்க்கிறேன். முப்பது வருஷமா உங்க வீட்டுல அதைத்தானே பண்றேன்."

"நாலாம் கிளாஸைத் தாண்டாதவளைக் கட்டிக்கிட்டு..." லென்ஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஆறு மணிக்கு மேல ரெண்டு சிவப்பு வரி இருந்துச்சே, முதல் வருஷம் செஞ்சதுல மட்டும்தான் அது உண்டு. அதுலயும் அந்தக் கீழ் வரி..."

"ஆமா, இடது பக்கம் ஒரு முடி அளவு இறங்கியிருக்கும். புது டயல்ல நேரா இருக்கு பாருங்க, கண்ணை உறுத்தாம."

அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்க லென்ஸ்காரருக்கே மூன்று நாள் ஆகியிருந்தது. அதை நினைத்துப் பார்க்கிற நிலையில் அவர் இப்போது இல்லை. எழுந்து அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் மேசையில் இருந்த டப்பாவின் காகிதத்தை நிதானமாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாட்சுக்கா இத்தனை பேச்சு? எங்க அப்பா செத்தப்ப, அவர் வாட்சைக் காணோம்னு மூணு நாள் அழுதேன். 'துருப்பிடிச்சுக் கெடந்துச்சு, குப்பையில போட்டுட்டேன்'னு ஒரே வார்த்தையில முடிச்சீங்க. நான் ஏதாவது கேட்டேனா?"

லென்ஸ்காரரின் நடை ஒரு கணம் நின்றது. "அதுவும் இதுவும் ஒண்ணா? உங்க அப்பா கப்பலுக்கு அடியில முங்கி வேல செஞ்ச ஆளு. அவர் கட்டியிருந்தது தகர டப்பா. இப்ப எதுக்கு அந்தப் பழங்கதை?"

"சும்மாதான் சொன்னேன்."

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. வாட்சின் வெளிக்கூட்டைத் தேய்த்தது போகட்டும். டயல் பத்திரமாக இருந்தால் போதும், மறுபடி உள்ளே பொருத்திவிடலாம். உயிரே அதில்தான்.

"பழைய டயல் கடைக்காரர்கிட்டதானே இருக்கு? ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"அவர்கிட்ட இல்லீங்க. கழட்டின அன்னைக்கே என் கையில கொடுத்துட்டார்."

லென்ஸ்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குரல் தேனாகக் குழைந்தது. "என் தங்கமே, கோவத்துல ஏதேதோ சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதே. எங்கே வெச்சிருக்கே?"

வாசலில் அழைப்பு மணி அடித்தது. சங்கத் தலைவர் சொன்னால் சொன்ன நேரத்துக்கு வருகிறவர்.

அவள் கதவைத் திறக்கப் போகவில்லை. அவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை நாள் ஆணியில் தொங்கிய அவள் அப்பாவின் தகரப்பெட்டிச் சாவி இன்று அவள் இடுப்பில் இருந்தது.

"ஏழு வயசுல நான் மணி பார்க்கப் படிச்சேன். எங்க அப்பா என்னை மடியில உக்கார வெச்சு, கப்பல் கம்பெனியில முங்கறதுக்காக அவருக்குக் கொடுத்த வாட்சைக் காட்டித்தான் சொல்லிக் கொடுத்தார். 'சாய்ஞ்ச சிவப்பு வரிக்குக் கீழ பெரிய முள்ளு வந்தா அரை மணி'ன்னு."

வாசல் மணி மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது.

"டயலைக் கொடுத்துடு," என்றார் கடைசியில், காற்றுப் போன குரலில். "உன் கால்ல வேணாலும் விழறேன். எங்கே இருக்கு?"

அவள் சிரித்தாள்.

"துருப்பிடிச்சுக் கெடந்துச்சுங்க. எங்க அப்பா வாட்சை நீங்க போட்டீங்களே, அதே குப்பையில போட்டுட்டேன்."