ஒரு ஃபோல்டர்தான் பிழைக்கும்

"'அவளுக்கு'ன்னா எவளுக்கு?"

ஒடாலிஸ் போட்ட சத்தம் மாபெலின் ரிப்பேர் கடையைத் தாண்டித் தெருமுனை வரை கேட்டிருக்கும். அவள் புருஷன் எவெலியோ, யார் காதிலாவது விழுந்ததா என்று வாசலை எட்டிப் பார்த்தான்.

எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. அவர்கள் கொண்டுவந்த கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்மேல் காதை வைத்துக் கேட்டாள் மாபெல். உதட்டைப் பிதுக்கினாள்.

"அண்ணே, இது இன்னிக்கே போயிடும். ஒருதடவை நின்னா மறுபடி சுத்தாது. பழைய மெஷின்லேருந்து கழட்டின டிஸ்க் ஒண்ணு வெச்சிருக்கேன், அதுல காப்பி பண்ணித் தர்றேன். ஆனா ரெண்டு மணிக்கு நம்ம பக்கம் கரண்ட் போயிடும். இது நகர்ற வேகத்துக்கு ஒரு ஃபோல்டர்தான் பிழைக்கும். எது வேணும்?"

"என் மக போட்டோ!" என்றாள் ஒடாலிஸ். மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் படங்கள்; அந்த ஊரில் பெண்ணுக்குக் கல்யாணம் மாதிரிப் பெரிய விழா அது. கிரீடமும் ஊதா கவுனுமாகப் பெண் ராணி மாதிரி நின்ற நாள்.

அதே மூச்சில் எவெலியோவும் சொன்னான். "'அவளுக்கு'ன்னு ஒண்ணு இருக்கும். அதை எடு."

அதற்குத்தான் அந்தக் கேள்வி.

"போட்டோ பாதியாவது ஆல்பத்துல இருக்கு. இது வேற எங்கயும் இல்ல" என்று முணுமுணுத்தான் எவெலியோ. மாபெல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கரண்ட் போவதற்குள் முடிய வேண்டுமே என்று, வேறெங்கும் இல்லாத அவன் ஃபோல்டரையே ஓடவிட்டாள்.

"இப்பத்தான் புரியுது!" என்று பொங்கினாள் ஒடாலிஸ். "மத்தியானமானா கதவைச் சாத்திக்கிட்டு உள்ள ஒரே குசுகுசுப்பு. கேட்டா, 'தெருக்காரங்களுக்கு டிஸ்க்ல போட்டுக் கொடுக்கற டி.வி. நாடகம் சரியா காப்பி ஆகியிருக்கான்னு பார்க்கறேன்'னு கதை. டாமினோ ஆடற மேஜையில உட்கார்ந்து, 'அழுமூஞ்சி நாடகம் பார்க்கறவனெல்லாம் ஆம்பளையா'ன்னு கத்தறது நீதானே?"

"மெதுவாப் பேசு, ஒடாலிஸ்."

"ஏன் மெதுவா? பக்கத்து வீட்டு சொராய்தாவுக்குக் கண்ணு தெரியாது. நேத்து வந்த நாடகத்தை இன்னிக்குக் காலையில என்னைவிட நல்லாச் சொன்னா, யார் எங்க நின்னாங்கறது வரைக்கும். எனக்கு ரெண்டு கண்ணும் இருக்கு, சொந்த வீட்டுல நடக்கறது தெரியல!"

டிஸ்க் டக், டக் என்றது. திரையில் பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்து, ஒருவழியாக மறுமுனையைத் தொட்டது.

"முடிஞ்சுது. ஒண்ணைத் திறந்து பார்த்துடறேன்" என்றாள் மாபெல்.

"வேண்டாம்மா, அப்படியே கொடு."

"சரியா வந்திருக்கான்னு பார்க்காம நான் எதையும் கொடுக்கறதில்ல, அண்ணே."

"திற, மாபெல்" என்றாள் ஒடாலிஸ். "அந்த மகராசி குரலை நானும் கேட்கறேன்."

ஸ்பீக்கரில் நாடகத்தின் பாட்டு வந்தது. கதவு திறக்கும் சத்தம். அதற்கு மேல், குசுகுசுவென்று ஓர் ஆண் குரல். எவெலியோவின் குரலேதான்.

"இப்போ ரெபெக்கா படி இறங்கி வர்றா. வெள்ளை கவுன். கையில அந்த மோதிரம். அவன் பார்க்கல, ஜன்னல் பக்கம் திரும்பி நிக்கறான். அவ அழல... ஆனா உதடு துடிக்குது, சொராய்தா."

நடிகர்கள் பேசத் தொடங்கியதும் அந்தக் குரல் ஒதுங்கிக்கொண்டது. அவர்கள் ஓய்ந்ததும் மறுபடி வந்தது.

மாபெல் பட்டியலைக் கீழே தள்ளினாள். ஒவ்வொரு நாடகமும், அதன் ஒவ்வொரு பகுதியும். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஒடாலிஸுக்கு மெய் சிலிர்த்தது. இத்தனை வருஷம் ஒரே தட்டில் சோறும் மொச்சையும் பகிர்ந்து தின்ற மனுஷனுக்குள் இப்படி ஒருத்தனா!

எவெலியோவின் காதெல்லாம் சிவந்திருந்தது. "டாமினோ பசங்ககிட்ட சொல்லித் தொலைச்சுடாத. மானம் போயிடும். சொராய்தாகிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கேன்."

பட்டென்று மின்விசிறி நின்றது. திரை இருண்டது. டக், டக் சத்தமும் அடங்கியது. மகளின் ஊதா கவுன் அதோடு போயிற்று. இனி என்ன பூகம்பம் வெடிக்குமோ என்று மாபெல் ஒடாலிஸின் முகத்தையே பார்த்தாள்.

ஒடாலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது வெள்ளை கவுன் இல்ல, இளமஞ்சள். கழுத்துல முத்துமாலை வேற போட்டிருந்தா, அதைச் சொல்லவே இல்ல. பாவம், சொராய்தா பாதிதானே பார்த்திருப்பா? நாளையிலேருந்து கதவைச் சாத்தும்போது என்னையும் உள்ள கூப்பிடு."