லேடீஸ் பத்து!

நான் சொன்னால் தப்பாகத்தான் வந்து விழும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் செருப்புக் கடையில், பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஒருவரைப் போடப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். எனக்குத்தான் என்று இருந்தேன். நடுவில் வந்து சேர்ந்தான் ஒரு பட்டதாரிப் பையன். கடையில் அவனுக்கு 'டிகிரி' என்றே பேர்.

வந்த வேகத்தில், "அந்தத் தம்பி இல்லையா?" என்று பெண்கள் என்னிடமே கேட்க ஆரம்பித்தார்கள். வயிறு எரியாதா?

"பொம்பளை கால் பொம்பளைக்குத்தானே தெரியும்? நேத்து மீசை முளைச்சவனுக்கு என்ன தெரியும்?" என்று கல்லாவில் இருப்பவளிடம் புலம்பினேன்.

"அவன் சிரிச்சாலே போதும்க்கா, ரெண்டு ஜோடி வாங்கிட்டுப் போறாங்க" என்றாள் பாவி.

எங்கள் கடையில், வந்தவர் காலைப் பார்த்ததும் மாடியை நோக்கி, "லேடீஸ் பத்து!" என்று அளவைச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டும். பெட்டி இறங்கி வரும். என் குரல் தெருமுனை வரை கேட்கும். டிகிரி வாயே திறக்கமாட்டான். தானே மாடியேறி எடுத்து வருவான்.

ஒரு நாள் அவன் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். செருப்பின் அடியில் இருந்த அளவு ஸ்டிக்கரைப் பிய்த்துக்கொண்டிருந்தான்!

விடுவேனா? நேராக முதலாளியிடம் போனேன். "சார், ஸ்டிக்கரைப் பிய்ச்சு சரக்கைக் கெடுக்கிறான்."

அவனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்தார் முதலாளி. "ஏன்டா பிய்ச்சே?"

அந்தச் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த உயரமான பெண்தான் எழுந்தார்.

"எனக்காகத்தாங்க. என் கால் கொஞ்சம் பெரிசு. முன்னாடி இங்கே என் நம்பரைக் கத்தினதும் கடையே திரும்பி என் காலைப் பார்த்துச்சு. அதோட வர்றதையே விட்டுட்டேன். இந்தத் தம்பி நம்பரை வெளியே சொல்லமாட்டார்னு தங்கச்சி சொன்னா, அதான் வந்தேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "கத்தினது நீதானே? இத்தனை வருஷ அனுபவம், பொம்பளை வேற. இதுகூடவா தெரியல உனக்கு?"

பொறுப்பாளர் பதவி மட்டுமா, வேலையே போச்சு என்று நினைத்தேன்.

"சார், இதைச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான்" என்றான் டிகிரி. "ஸ்டிக்கரைக் கையால மறைச்சுக் கொண்டு வா, பிய்க்காதேன்னாங்க. நான்தான் பிய்ச்சுட்டேன். அந்தக் கோபம் அவங்களுக்கு."

அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதே இல்லை.

"அப்படியா?" என்று என்னைப் பார்த்தார் முதலாளி.

"பின்னே என்ன சார்?" என்றேன். "எத்தனை தடவைதான் சொல்றது இவனுக்கு!"