இடுப்புப் பை

காட்டுப் பாதையிலிருந்து மனைவி வெளியே வந்ததும் பல் டாக்டரின் கண்ணில் முதலில் பட்டது அவளுடைய இடுப்புப் பைதான். போகும்போது தட்டையாக இருந்தது, இப்போது தலையணை மாதிரி உப்பியிருந்தது. வழியில் தண்ணீர் கொடுக்கும் மேசையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓட வந்தியா, கடைக்கு வந்தியா?"

"இல்லீங்க, வழியெல்லாம் ஒரே..."

"கதையெல்லாம் வீட்டுல வச்சுக்கலாம். பட்டையைக் கழட்டு!"

நான்கு பேர் ஆளுக்கொரு கட்டமாக, வெவ்வேறு பாதையில் ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் காட்டுத் தொடர் ஓட்டம் அது. ஓடி முடித்தவர் கையிலிருக்கும் பட்டையைக் கழற்றி அடுத்தவர் கையில் மாட்ட வேண்டும். முதல் இரண்டு கட்டங்களில் மருந்துக்கடைக்காரரும் வக்கீலும் உயிரைக் கொடுத்து ஓடி, டாக்டரின் ஓட்ட மன்றத்தை எல்லோருக்கும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

மூன்றாவதாக ஓட வேண்டியவர் வங்கி மேனேஜர். புது ஷூவை நல்ல கோணத்தில் போட்டோ எடுப்பதற்காக நாற்காலி மேல் ஏறி, விழுந்து, காலைச் சுளுக்கிக்கொண்டார். வேறு ஆள் கிடைக்காததால், அதுவரை மன்றத்துக்குப் பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டும் பைகளைக் காவல் காத்துக்கொண்டும் இருந்த மனைவியை டாக்டர் இறக்கிவிட்டார்.

எதிர் அணியில் அதே கட்டத்தில் ஓடியது அவளுடைய சொந்த அண்ணன், கண் டாக்டர். மூன்று வருடமாகக் கோப்பை அவருடைய ஆஸ்பத்திரி வரவேற்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறது. இந்த வருடம் இரண்டு அணித் தலைவர்களும் பந்தயம் வேறு கட்டியிருந்தார்கள்: தோற்றவர், ஜெயித்தவரின் ஆஸ்பத்திரி விளம்பர பனியனைப் போட்டுக்கொண்டுதான் வருடம் முழுக்க ஓட வேண்டும். நெஞ்சு நிறைய ஒரு பெரிய கண்ணைச் சுமந்துகொண்டு தன் கிளினிக் வாசல் வழியாகவே ஓடுவதை நினைத்தாலே டாக்டருக்குப் பல் கூசியது.

"உன்னை எவனாவது முந்தினான்னு வை, வீட்டுக்கு வராதே. அப்படியே உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

"அண்ணன் முந்திட்டாரா?"

"யாருமே முந்தலைங்க. பின்னாடி ஆள் சத்தமே இல்ல."

நடையும் ஓட்டமுமாக இவ்வளவு தாமதமாக வந்தவளை ஒருவரும் முந்தவில்லையா? யோசிக்க நேரமில்லை. சத்துக்கூழ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து உறிஞ்சி, காலி உறையைப் புதரில் வீசினார். மனைவி குனிந்து அதை எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

"காலையிலதானேங்க சத்தியம் பண்ணினோம்..."

"அது போட்டோவுக்குடி!"

காலையில் மன்றத்தார் எல்லோரும் வரிசையாக நின்று, கையை நீட்டி, 'காட்டில் ஒரு துண்டு பிளாஸ்டிக்கையும் விட்டுவைக்க மாட்டோம்' என்று உறுதிமொழி எடுத்தார்கள். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடியும் எடுத்தார்கள். பிறகு அமைப்பாளர்கள் விதிமுறைகளை விளக்கியபோது, அவள் கணவரின் கறுப்புக் கண்ணாடியைத் தேடிக் காருக்குப் போயிருந்தாள்.

டாக்டர் ஓடினார். மரத்துக்கு மரம் கட்டியிருந்த ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் ரிப்பன்கள், இப்படித் திரும்பு, அப்படிப் போ என்று வழி காட்டின. திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை. நின்று தன்னைத்தானே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, சாவகாசமாகப் போய் முதலாவதாக வந்தார்.

கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். அடுத்த அணிக்காகக் காத்திருந்து காத்திருந்து கைதட்ட வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

வெகுநேரம் கழித்து, மூன்றாவது கட்டத்தில் ஓடியவர்கள் திசைக்கொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசியாகக் கண் டாக்டர், பனியன் கிழிந்து, தலையெல்லாம் முள்ளும் சருகுமாக, வாகனம் நிறுத்துமிடத்தின் பக்கமிருந்து நொண்டிக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளை, பாதையையே காணோமே! ஓடைக்குள்ள எல்லாம் விழுந்து எழுந்திரிச்சு வரேன்."

"கண் டாக்டருக்கே வழி தெரியலைன்னா நாங்க என்ன மச்சான் பண்றது?" என்ற பல் டாக்டர் மைக்கைப் பிடித்தார். வைத்த வாய் எடுக்காமல் பேசினார். தன் பயிற்சி, தன் ஒழுக்கம், தன் தொலைநோக்கு எல்லாம் முடிந்த பிறகு மனைவியின் உப்பிய பை மேல் பார்வை விழுந்தது. பிஸ்கட்டாக இருந்துவிடப் போகிறதே என்று மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"உள்ள என்ன?"

"நீங்க சத்தியம் வாங்கினீங்களே, அந்தக் குப்பைதாங்க."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "நண்பர்களே! மத்தவங்க கோப்பைக்காக மட்டும் ஓடினாங்க. நாங்க காட்டைச் சுத்தம் பண்ணிக்கிட்டே ஓடி ஜெயிச்சோம்! கூச்சப்படாம மேசை மேல கொட்டிக் காட்டும்மா!"

அவள் பையைத் திறந்து கவிழ்த்தாள். காலி உறை ஒன்று விழுந்தது. அதன் மேல் ஆரஞ்சு ஆரஞ்சாகக் குவிந்துகொண்டே போனது. அமைப்பாளர் எழுந்து நின்றார். கண் டாக்டர் தங்கையையே பார்த்தார்.

எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தோடு அவள் சொன்னாள்:

"முடிச்சை அவிழ்க்கத்தாண்ணே நேரமாயிடுச்சு!"